திருகோணமலைக்கு ஒரு சுற்றுலா



பிரயாணம் என்ற சொல் எம்மில் பலருக்கு மகிழ்ச்சியைத் தருவதில்லை. ஷெல் விழும்போது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஒரு பிரயாணம். முகாம் விட்டு முகாம் மாறியது இன்னொரு பிரயாணம். காணாமற் போனவரைத் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதும் பிரயாணம்தான். ஆனால் ஓர் அழகான இடத்தைப் பார்க்க வேண்டும், நாலு நாள் சிரித்துக் கதைக்க வேண்டும் என்பதற்காகவே புறப்படும் பிரயாணம் எமது பெண்களில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் வசிக்கும், வடக்கு கிழக்கில் இருந்து வந்த பெண்களுடன் நான் வேலை செய்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடுவோம். அங்குதான் இந்தச் சுற்றுலா பற்றிய கதை தொடங்கியது. தொலைக்காட்சியில் பிறேசில் நாட்டின் றியோ டி ஜெனிரோ நகரத்தைக் காட்டினார்களாம். வளைந்த கடற்கரையும், நகரத்தின் நடுவே எழுந்து நிற்கும் மலைகளும், மலை உச்சியில் கை விரித்து நிற்கும் இயேசுநாதர் சிலையும் ஒரு மன்னார் அக்காவின் மனதைப் பிடித்துக்கொண்டன. "அப்பிடி ஒரு இடத்தைச் சாகிறதுக்கு முதல் பாக்க வேணும்" என்றார். உடனே சம்பூரைச் சேர்ந்த அம்மா ஒருவர், "ஏன் பிறேசிலுக்குப் போக வேணும்? எங்கட திருகோணமலையில கடலும் மலையும் இல்லையே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்றே சீட்டுப் போல ஒரு சேமிப்பு ஆரம்பமாகியது. ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபா. ஒரு வருடம் சேர்த்தோம்.

"ஊர் என்ன சொல்லும்?"

காசு சேர்ப்பதை விட, போகலாமா என்ற கேள்விக்குப் பதில் காண்பதே கஷ்டமாக இருந்தது. ஓர் அக்காவின் கணவர் 2009ஆம் ஆண்டு வன்னியில் காணாமற் போனவர். "அவர் எங்கையெண்டு தெரியாமல் நான் கடலில குளிச்சுக்கொண்டு திரியிறதே?" என்று கேட்டார். அவருக்கு யாரும் உடனே பதில் சொல்லவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். துக்கத்தைக் காப்பாற்றும் பொறுப்பைச் சமூகம் பெண்ணிடமே ஒப்படைக்கிறது என்று புத்தகங்களில் வாசித்திருக்கிறேன். மனைவியை இழந்த ஆண் நண்பர்களுடன் ஊர் சுற்றினால் "பாவம், மனம் ஆறட்டும்" என்பார்கள். பெண் ஒரு நல்ல சேலை கட்டினாலே கேள்வி வரும். ஆயினும் இதை அந்த அக்காவுக்கு நான் விரிவுரை செய்யவில்லை. அவரது மகள்தான், "அம்மா, நீங்கள் சிரிச்சால் அப்பா கோவிக்க மாட்டார்" என்றாள். பேர் கொடுக்க அவருக்கு மூன்று மாதங்கள் சென்றன.

இரவு பஸ்

ஜூலை மாதத்தில், ஒரு போயா விடுமுறையை ஒட்டி இருபத்தொரு பெண்கள் புறப்பட்டோம். பஸ் வெள்ளவத்தையில் ஒரு தொகுதியினரையும் கொட்டாஞ்சேனையில் மற்றவர்களையும் ஏற்றியது. இரவு பத்து மணி. பஸ்ஸில் ஏறும்போது மேலே குறிப்பிட்ட அக்கா படியிலேயே ஒரு நிமிடம் நின்றுவிட்டார். 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அன்று கைக்குழந்தையுடன் ஏற்றப்பட்டவர்களில் இவரும் ஒருவர். "அண்டைக்கு எங்க கொண்டுபோகினம் எண்டு தெரியாது. இண்டைக்கு ரிக்கற் காசும் நான்தான் குடுத்தனான்" என்று சொல்லிவிட்டு யன்னலோரம் போய் இருந்தார்.

கொழும்பில் இருந்து திருகோணமலைக்குச் சுமார் 260 கிலோமீற்றர். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் ஊடாக வீதி செல்கிறது. கட்டிக்கொண்டுவந்த புளிச்சாதம் ஹபரணைக்கு முன்பே முடிந்துவிட்டது. விடியற்காலையில் கந்தளாய்க் குளத்தைக் கண்டோம். 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் இக்குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர் திருத்தப்பட்ட அந்த அணையின் மீது நின்று பார்த்தால் அமைதியான நீர்ப்பரப்புத்தான் தெரிகிறது.

கோணேசர் மலை

குளித்துவிட்டு முதலில் கோணேசர் கோவிலுக்குப் போனோம். பிரட்றிக் கோட்டை வாசலால் உள்ளே போக வேண்டும். கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது. மரநிழலில் புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு பயமின்றி நிற்கின்றன. பாதையின் இரு பக்கமும் சிறு கடைகள். ஏற ஏற இரு புறமும் கடல் தெரியும்.

திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பதிகம் பாடிய தலம் இது. 1622ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் பழைய கோவிலை இடித்து, அந்தக் கற்களையும் கொண்டு கோட்டையைக் கட்டினார்கள். றியோ நகரத்தை 1565இல் நிறுவியவர்களும் இதே போர்த்துக்கேயர்தான் என்று நான் சொன்னபோது மன்னார் அக்கா, "அங்க கட்டினவை, இங்க இடிச்சவை" என்றார். இடிக்கப்பட்ட கோவிலின் விக்கிரகங்கள் சில, 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து கிடைத்தன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் கடலுக்குள் மூழ்கிப் பழைய கோவிலின் சிதைவுகளைக் கண்டார்கள். மீண்டும் கட்டப்பட்ட கோவிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. முந்நூறு வருடங்களுக்கும் மேலாக மண்ணுக்குள்ளும் நீருக்குள்ளும் இருந்தவை வெளியே வந்த கதையை எங்கள் பெண்கள் மிகக் கவனமாகக் கேட்டார்கள்.

கோவிலுக்கு அருகே இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு. நூறு மீற்றருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் மலை. கீழே கடல் நீலமும் பச்சையுமாக மாறி மாறித் தெரிகிறது. எம்முடன் வந்த கத்தோலிக்கச் சகோதரிகளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள்.

தெற்கே கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மெல்லிய கோடாக ஒரு கரை. "அதுதான் எங்கட பக்கம்" என்றார் சம்பூர் அம்மா. 2006இல் சண்டை தொடங்கியபோது அங்கிருந்து வெளியேறியவர். சம்பூர்க் காணிகள் 2015இல் இருந்து படிப்படியாக மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டபோது அவர் மகளுடன் கொழும்பில் இருந்தார். தம்பி போய்ப் பார்த்து, கிணறு தூர்ந்து, தென்னைகள் இல்லை என்று சொன்னதோடு சரி.

எங்களுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் பாதை இலகுவாகிவிட்டது. அடுத்த நாள் கடற்கரைக்குப் போவதை விட்டு அம்மாவைச் சம்பூருக்குக் கூட்டிப் போகலாமே என்று சிலர் சொன்னார்கள். பஸ்காரரும் சம்மதித்தார். அம்மாவோ தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "அங்க போனால் நான் அழுவன். நீங்களும் அழுவியள். அழுறதுக்கு நான் வேற நாள் வருவன், தம்பியோட. இது ஒரு வருசம் காசு சேத்து வந்த பயணம். இதில நான் கடல் பாக்க வேணும்" என்றார்.

துயரத்துக்கு ஒரு நாள் இருப்பது போல மகிழ்ச்சிக்கும் ஒரு நாளை ஒதுக்கி வைத்து, அதை விட்டுக்கொடுக்காமல் காத்த அந்த அம்மாவை நான் மிகவும் மதிக்கிறேன்.

வெந்நீரும் உப்பு நீரும்

மாலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்தோம். அருகருகே ஏழு சிறிய கிணறுகள். ஒவ்வொன்றின் சூடும் வேறு வேறு. தாயாரின் அந்தியேட்டிக் கிரியைக்காக இராவணன் இவற்றை உண்டாக்கினான் என்பது ஐதீகம். வாளியால் அள்ளி வார்த்துக்கொண்டு, எது கூடச் சூடு என்று பிள்ளைகளைப் போல வாதாடினார்கள்.

மறுநாள் நிலாவெளி. வெள்ளை மணல், ஆழம் மெதுவாகக் கூடும் கடல். 2004ஆம் ஆண்டு சுனாமி இந்தக் கரையையும் தாக்கியது. முல்லைத்தீவில் அந்தச் சுனாமிக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு சகோதரி எம்முடன் வந்திருந்தார். வெள்ளவத்தையில் றெயில் பாதையைத் தாண்டினால் கடல். ஆனாலும் அவர் அந்தப் பக்கம் போவதே இல்லை. நிலாவெளியிலும் அவர் தாழை மர நிழலில்தான் இருந்தார். யாரும் அவரை இழுக்கவில்லை. மற்றவர்களின் செருப்புகளையும் கைப்பைகளையும் காவல் காத்தார். மத்தியானத்துக்குப் பிறகு, "ஈர மணலில நிண்டால் கால் புதையுமோ?" என்று கேட்டு இருவரின் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனையும் வரை போய் வந்தார். அவ்வளவுதான். அது போதும் என்று அவரே சொன்னார்.

ஒன்பது பேர் படகேறிப் புறாத்தீவுக்குப் போனார்கள். கரையில் இருந்து சுமார் ஒரு கிலோமீற்றர். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இத்தீவைச் சுற்றி முருகைக் கற்களும் நிறம் நிறமான மீன்களும் உள்ளன. முருகைக் கற்களை மிதிப்பதோ எடுத்துச் செல்வதோ கூடாது. கணவரைத் தேடும் அக்கா உயிர்காப்பு அங்கி அணிந்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மீன்களைப் பார்த்தார். கரைக்கு வந்ததும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். "மஞ்சள் மீன், பிள்ளை, மஞ்சள் மீன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

நீங்களும் போகலாம்

உங்கள் மாதர் சங்கத்திலோ சிறு குழுவிலோ இப்படி ஒரு சேமிப்பைத் தொடங்கலாம். கணக்கை இருவர் எழுதி வைப்பது நல்லது. கிழக்குக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும். மாரியில் கொந்தளிப்பு அதிகம். கொழும்பில் இருந்து பஸ்ஸும் புகையிரதமும் உண்டு. புகையிரத நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, மாற்றுடுப்பு, வழக்கமாகப் பாவிக்கும் மருந்துகள் ஆகியவற்றை மறக்க வேண்டாம். படகில் உயிர்காப்பு அங்கி இல்லையென்றால் ஏற வேண்டாம். யாராவது வரத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் அவருக்கென்று ஓர் இடத்தைக் கடைசி நாள் வரை வைத்திருங்கள்.

எமது அடுத்த சேமிப்பு இந்த மாதம் ஆரம்பமாகிறது. எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை. மன்னார் அக்கா நுவரெலியா என்கிறார். சம்பூர் அம்மா பிறேசிலையே பெயர்ப் பட்டியலில் எழுதச் சொல்லியிருக்கிறார்.