சங்கிலி போன பிறகு

யந்திரத்தைப் பற்றி நாம் எழுதிய கவிதைகளில் பெரும்பாலானவை இன்னும் சங்கிலியிலேயே நிற்கின்றன. ஒரு மோட்டார் சுற்றுகிறது, அதில் மாட்டியவை எல்லாம் ஒரே வேகத்தில் போகின்றன, ஒன்று நின்றால் அத்தனையும் நிற்கும். 1913ல் மிச்சிகன் மாநிலத்து ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டு கம்பெனி காரின் அடிச்சட்டத்தை இப்படி நகரவிட்டபோது, 12½ மணி நேர வேலை 93 நிமிஷத்துக்கு இறங்கியது. சாப்ளின் 1936ல் எடுத்த ‘மாடர்ன் டைம்ஸ்’ மனிதன் இந்த ஓட்டத்தின் பிரஜை. யந்திரமோ சங்கிலியை விட்டு நகர ஆரம்பித்துவிட்டது.

இது எனக்குத் தெரியவந்தது என் தங்கை கணவர் மூலம். பாக்கிங் யந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதி, தொழிற்சாலையில் ஓடவைத்துக் கொடுப்பது அவர் உத்தியோகம். நான் வங்கிக் குமாஸ்தா. படித்தது ஆங்கில இலக்கியம். அவர் லாப்டாப்பில் காட்டியதை என் வழியில்தான் புரிந்துகொண்டேன்.

சாதாரண மோட்டாரை ஓரிடத்தில் வெட்டி நீளவாக்கில் விரித்துப் போட்டதாக நினைத்துக்கொள்ளலாம். தடத்துக்குள் வரிசையாகக் கம்பிச் சுருள்கள். தடத்தின் மேல் சிறு வண்டிகள், ‘மூவர்’ என்கிறார்கள். வண்டியில் காந்தம் உண்டு, மோட்டார் கிடையாது. சுருள்களில் மின்சாரம் மாறிமாறி ஏற, காந்தம் இழுபட்டு ஓடுகிறது. ஜெர்மனியின் பெக்காஃப் கம்பெனி 2012ல் வெளியிட்ட எக்ஸ்டிஎஸ் இந்த ரகம். வண்டி எங்கே இருக்கிறது என்று விநாடிக்கு 4,000 தரம் பார்த்து மின்சாரத்தைத் திருத்துகிறது. ஒரு வண்டி பாட்டில் நிரம்புவதற்காக நிற்கும்போது இன்னொன்று விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பறக்கலாம். பெட்டிக்குள் ஆறு போகவேண்டுமென்றால் ஆறு வண்டிகள் நெருங்கி வந்து நிற்கும். பெட்டியின் அளவு மாறினால் பல சமயம் எண்களை மாற்றினால் போதும்.

வண்டிகளுக்குள் எவ்வளவு இடைவெளி இருக்கவேண்டும், வளைவில் எவ்வளவு வேகம் குறைய வேண்டும், திரவம் அலம்பாமல் இருக்க வேகம் எப்படிப் படிப்படியாக ஏற வேண்டும் என்பதெல்லாம் புரோகிராமில் இருக்கிறது. முதலில் கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யாக ஒரு தடம் போட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். அங்கே தூசி இல்லை, உருளை தேய்வதில்லை. நிஜத் தடத்தில் ஒரு வண்டியை மெதுவாக விட்டு, அது நடுங்குகிறதா, தாண்டிப்போய் நிற்கிறதா என்று பார்த்துத் திருத்தி, பிறகு இரண்டு, பிறகு எல்லாம், பிறகு பாரத்தோடு.

இதில் என்னை நிறுத்தியது எண் கொடுக்கும் விஷயம். காந்தங்கள் எல்லாம் ஒரே மாதிரி. மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டர் தடத்தைப் பார்த்து, இருக்கும் இடத்தை வைத்து 1, 2, 3 என்று எண்ணுகிறது. “பேரெல்லாம் கிடையாதுங்க மச்சான், வரிசை நெம்பர்தான்” என்றார். கரண்ட் போன நேரத்தில் யாராவது கையால் தள்ளிவிட்டால் நேற்றைய 5 இன்று 1 ஆகிவிடலாம். அதன் மேல் உள்ள பாட்டில் பாதிதான் நிரம்பியது என்ற கணக்கு மட்டும் 5ன் பேரிலேயே இருக்கும். இதற்காக ஒரே ஒரு வண்டிக்கு வேறுமாதிரிக் காந்தம் வைக்கும் ஏற்பாடும் உண்டு. அதைக் கண்டுபிடித்து, அதிலிருந்து மற்றவற்றை எண்ணிக்கொள்ளலாம். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டே பகல் முழுவதும் மனிதர்களைச் சந்திக்கும் எனக்கு இது விளக்கமில்லாமலே புரிந்தது.

யாப்பைச் சங்கிலி என்று நாமும் சொன்னோம். 1959ல் ‘எழுத்து’ தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சண்டை நடந்து, ஜெயித்தும் ஆயிற்று. ஆனால் அறுத்த பிறகு ஒழுங்கு எங்கே போய் உட்காருகிறது என்ற கேள்வியை அதிகம் பேர் கேட்கவில்லை. தடம் சொல்லும் பதில் எளியது: அது இடைவெளிக்குப் போகிறது. ஒவ்வொரு வரிக்கும் தன் வேகம் உண்டு என்றால், முன்வரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்பதை ஒவ்வொரு வரியிலும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இதைச் செய்யாதவர்களின் கவிதைகளில் வரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடக்கின்றன.

இந்த உவமையை இதற்குமேல் இழுக்க நான் தயாரில்லை. வண்டி சுதந்திரமாக ஓடுவது நம் கண்ணுக்குத்தான். பக்கத்து வண்டி இருப்பது அதற்குத் தெரியாது, தெரிந்தது கம்ப்யூட்டருக்கு. சங்கிலியின் வேகம் கண்ணுக்குத் தெரிந்தது, ஆகவே அதோடு மோத முடிந்தது. 1936 டிசம்பரில் ஃபிளிண்ட் நகரத்துக் கார்த் தொழிலாளர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து 44 நாள் நடத்திய வேலைநிறுத்தத்துக்கு, வரிசையின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனது ஒரு முக்கியக் காரணம். இன்று ஒவ்வொருவருக்கும் தனி வேகம் தரப்படுகிறது. தருவது யார் என்பது எங்கள் கவுண்டரிலும் தெரிவதில்லை.

சங்கிலி இல்லை என்பதைச் சுதந்திரத்துக்குச் சாட்சியாகக் காட்டும் விமர்சனம் இனிப் போதாது. ஒரு கவிதையின் வரி தன் அடுத்த வரியைத் தானே பார்க்கிறதா, அல்லது பழகிப்போன ஏதோ ஒரு புரோகிராம் அதை நகர்த்துகிறதா என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. புதுக்கவிதை என்ற பெயரில் மாதாமாதம் வருபவற்றை அப்படி வாசித்தால் மிஞ்சுபவை குறைவாகவே இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.