ஸ்ரீவராகத்துப் போர்வை

திருவனந்தபுரம் கோட்டைக்கு அருகே, லக்ஷ்மி வராகர் கோயிலையும் அதன் பெருங்குளத்தையும் சூழ்ந்தது ஸ்ரீவராகம். சென்ற மாதம் அங்கே தரிசனம் முடித்து, தெரிந்த தமிழ்க் குடும்பமொன்றைக் காணச் சென்றோம். அவ்வீட்டு மாமி தைத்த ஒட்டுத்துணிப் போர்வையைக் கண்டதும் வந்த காரியம் மறந்தது. பாலராமபுரம் நேரியதின் கசவுக் கரை, மதுரைச் சுங்குடி, மகனின் பள்ளிச் சட்டை. இடையிடையே சோழியும் பொத்தானும்! தேர்த் தொம்பையில் வண்ணத் துணியை வெட்டிவைத்துத் தைப்பார்களே, அம்முறைதானாம். பாலராமபுரத்துச் சாலியரும் பாலராமவர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்களே.

நம் இல்லாளும் போர்வை தைப்பவள். ஆயினும், காலஞ்சென்ற நம் அன்னையாரின் சேலையில் கத்தரி வைக்க அவளுக்கு மனம் வந்ததில்லை.

“பெட்டியிலே வைத்தால் பூச்சிதான் உடுத்தும்” என்றார் மாமி.

அன்றிரவே பெட்டி திறக்கப்பட்டது. முந்தானையை மட்டும் அவள் வெட்டவில்லை, நாமும் கேட்கவில்லை.