பாதிக் குழியில் ஒரு பலகை

பெல்மதுளையிலிருந்து காவத்தைக்குப் போகும் வீதியில், றப்பர் மலை முடிந்து கடைகள் தொடங்குகிற இடத்தில் அந்தப் பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, மூன்று பக்கம் பலகை, முன்பக்கம் திறந்தபடி. உள்ளே ஒரு லேத்து, ஒரு வெல்டிங் இயந்திரம், சுவரோரம் பழுதுக்கு வந்த தண்ணீர்ப் பம்புகள். வாசலில் கிடக்கும் வாங்கில் உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. மழைக்கு ஒதுங்கிய ஆள் என்று விட்டுவிடுகிறார்கள்.

மழைக்கு ஒதுங்குவது அங்கே இயல்பான காரியம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. காலையில் மழை என்றால் தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லையென்றால் அன்றைக்கு வேலைக்கணக்கில் பெயரும் இல்லை, சம்பளமும் இல்லை. அதே மழைதான் பள்ளத்து மாணிக்கக் குழிகளில் தண்ணீரை ஏற்றிவிடுகிறது. பட்டறைக்குக் கூட்டம் சேர்வதும் அப்போதுதான்.

சுவரோரம் நிற்கும் பம்புகளில் ஜப்பான் பெயர் பொறித்தவை உண்டு. சீனத்தில் செய்தவை நிறைய. கோயம்புத்தூர் வார்ப்பு ஒன்று, பச்சை வர்ணம் உரிந்து கிடக்கிறது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்ததும் கொங்கு நாட்டு ஆழக் கிணறுகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. அந்தத் தேவையில் கிளம்பிய பட்டறைகள்தான் கோயம்புத்தூரைப் பம்பு ஊராக்கின. நம் நாட்டு ஜினசேன பம்பும் ஒன்று இருக்கிறது. 1905இல் தொடங்கிய நிறுவனம் அது; இலங்கையில் தண்ணீர்ப் பம்பு என்றதும் ஊர்ச் சனம் முதலில் சொல்லும் பெயர். எங்கே பிறந்ததானாலும் கடைசியில் எல்லாம் இந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான் வந்து சேர்கின்றன.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தோட்டத்துப் பிள்ளை. லயத்திலிருந்து இறங்கி டவுனில் தொழில் பழகியவர் என்பது பேச்சிலேயே தெரிகிறது. ஒரு பம்பின் மூடியைக் கழற்றி இம்பெல்லரை வெளியே எடுக்கிறார். வளைந்த இறக்கைகளோடு உள்ளங்கை அகலத்தில் இருக்க வேண்டிய அந்த இரும்புத் தட்டு, ஓரமெல்லாம் தேய்ந்து, எலி கடித்த அப்பளம் போல இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் இதை இப்படித் தின்னாது. மாணிக்கக் குழியின் தண்ணீர் வெறும் தண்ணீரில்லையே. சேறும் மணலும் கலந்து ஏறி, நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றும் இறக்கையை அரைத்துக்கொண்டே போகும்.

அவர் அதைத் தூக்கி எறியவில்லை. தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து நிரப்பி, ஆறவிட்டு, லேத்தில் ஏற்றிக் கடைகிறார். பிறகு ஒரு கம்பியில் கோர்த்து விரலால் சுண்டி விடுகிறார். பாரம் கூடிய பக்கம் கீழே வந்து நிற்கிறது. அங்கே ஒரு சிட்டிகை அராவுகிறார். மறுபடி சுண்டுகிறார். எந்தப் பக்கமும் கீழே வராமல், நின்ற இடத்தில் நிற்கும்வரை இது நடக்கிறது. தொழிற்சாலையில் கருவி வைத்துப் பார்க்கும் சமநிலையை அவர் விரல் பார்த்துவிடுகிறது. 1851இல் லண்டன் பெரும் கண்காட்சியில் அப்போல்ட் என்பவர் வளைந்த இறக்கை வைத்த பம்பைக் காட்டி, நேர் இறக்கைப் பம்புகளை விட அது எவ்வளவு அதிகம் இறைக்கும் என்று நிரூபித்தார். அந்த வளைவைத்தான் இவர் கையளவில் திரும்பவும் செய்துகொண்டிருக்கிறார்.

இரண்டு பேர் ஓட்டோவில் வந்து இறங்குகிறார்கள். ஒருவர் குழியைப் பார்த்துக்கொள்ளும் சிங்களவர், வயதானவர். மற்றவன் தோட்டத்துப் பொடியன், இருபது இருக்கலாம். முழங்கால்வரை வெள்ளைச் சேறு காய்ந்திருக்கிறது.

"அண்ணே, இன்னைக்கே வேணும்ணே. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு."

"குழி எத்தன அடி?"

"நாப்பது இருக்கும்ணே."

பட்டறைக்காரர் லேத்தை நிறுத்துகிறார். "நாப்பதா? அப்ப பம்ப எங்கடா வச்சிருக்கீங்க?"

பொடியன் பெரியவரைப் பார்க்கிறான். பெரியவர் வீதியைப் பார்க்கிறார்.

"பாதியில பலகை போட்டு…"

"எஞ்சினோடயா?"

"மேல வச்சா இழுக்குதில்லயேண்ணே."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தகரத்தில் மழைச் சத்தம் மட்டும். வாங்கில் இருந்த எனக்கும் அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

பொடியன் சொன்னது பொய்யில்லை. மேலே வைத்தால் இழுக்காதுதான். பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது குழாய்க்குள் இருக்கும் காற்றை மட்டுமே குறைக்கிறது. வெளியே இருக்கும் காற்றின் எடை தண்ணீரை அழுத்தி மேலே தள்ளுகிறது. அந்த எடை தாங்குவது ஏறத்தாழ 10 மீற்றர் உயரத் தண்ணீரைத்தான். இத்தாலியில் உறிஞ்சு பம்புகள் இந்த உயரத்துக்கு மேல் ஏற்ற மறுத்ததைக் கலிலியோ 1638இல் எழுதினார். காற்றுக்கு எடை உண்டு என்பதே காரணம் என்று அவருக்குப் பின் டொரிசெல்லி பாதரசத்தை வைத்துக் காட்டினார். குழாய் உராய்வும் பொருத்துகளின் கசிவும் போக, நடைமுறையில் 7, 8 மீற்றர்தான் கிடைக்கும்; இருபத்தைந்து அடி. நாற்பதடிக் குழியின் வாயில் வைத்த பம்பு, எத்தனை குதிரைவலு இருந்தாலும், அடித் தண்ணீரைத் தொடாது.

பம்பின் தகட்டைக் கவனித்துப் பாருங்கள். அதில் இரண்டு உயரங்கள் இருக்கும். மொத்த உயரம் 30 மீற்றர் என்று பெரிதாக, உறிஞ்சும் உயரம் 8 மீற்றர் என்று சிறிதாக, இரண்டுமே ஆங்கிலத்தில். பம்பிலிருந்து மேலே எவ்வளவு தள்ளும் என்பதையும் சேர்த்தது முதல் எண். கீழேயிருந்து எவ்வளவு எடுக்கும் என்பது இரண்டாவது. குழி தோண்டுகிறவருக்கு வேண்டியது இரண்டாவது எண். அவர் காசு கொடுப்பது முதல் எண்ணைப் பார்த்து.

வாங்கிய பிறகு இழுக்கவில்லை என்று தெரிகிறது. அப்போதுதான் அந்தப் பலகை பாதிக் குழிக்கு இறங்குகிறது. பெற்றோலில் அல்லது மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் அதன்மேல் உட்காருகிறது. குழியின் வாய் ஓர் ஆள் கைவிரித்து நிற்கிற அகலம். பக்கச் சுவர்களில் மரமும் இலைதழையும் அடைத்திருக்கும். அடியில், மாணிக்கம் கிடக்கும் இல்லம மண்ணைத் தேடிப் பக்கவாட்டில் சுரங்கம் போகும். அந்தக் காற்றுக்கு வழியில்லாத இடத்தில் எஞ்சின் புகை நிறைகிறது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தைப் பிடித்துக்கொள்கிறது. காற்றில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

மெழுகுதிரி கொளுத்தி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவோம் என்று குழிக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் அனுபவம் இருக்கிறது. காற்று குறைந்த குழியை அது காட்டிக் கொடுக்கும். ஆனால் மனிதனைக் கொல்லுமளவு காபனோரொட்சைட்டு இருந்தாலும் மெழுகுதிரி எரிந்துகொண்டே இருக்கும். மனிதனுக்கு முன்பே மயங்கிக் காட்டிக் கொடுக்கும் கனேரிக் குருவிகளை ஆங்கிலேயச் சுரங்கத்தார் 1986வரை கூண்டில் வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான்.

முதலில் விழுகிறவரோடு இது முடிவதுமில்லை. அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். பெரும்பாலும் கூடப்பிறந்தவராகவோ மச்சானாகவோ இருப்பார். நிதானித்து யோசிக்க மனம் விடுமா? இறங்கியவரும் விழுகிறார்.

குழியில் வேலை செய்கிறவருக்கு நாட்சம்பளம் என்று அநேகமாக ஒன்றும் கிடையாது. சாப்பாடும், கல் கிடைத்தால் ஒரு பங்கும். நிலத்துக்குப் பங்கு உண்டு, அனுமதிப்பத்திரத்துக்குப் பங்கு உண்டு, பம்பு கொடுத்தவருக்கும் பங்கு உண்டு. பம்பு நின்றால் எல்லாருடைய பங்கும் தண்ணீருக்குள். அதனால் எஞ்சினை நிறுத்திக் குழியை ஆறவிடச் சொல்ல ஆளில்லை. 2022இல் எண்ணெய்க்கு வரிசை நின்ற காலமும் இதை இறுக்கியது. 87 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் அந்த ஓகஸ்டில் 340 ரூபாயானது. அவ்வளவு விலை கொடுத்து ஊற்றியபின், எஞ்சின் ஓடும்போதே இறங்கி மண்ணை அள்ளிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அந்தப் பொடியனின் அவசரத்தை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

பட்டறைக்காரர் பழுது பார்த்த பம்பை உடனே கொடுக்கவில்லை. உள்ளேயிருந்து நீளமான வேறொன்றைக் கொண்டுவந்து காட்டினார். எஞ்சின் மேலேயே இருக்கும். உறைக்குள் சுழலும் வளைகம்பி ஒன்று அடிக்குப் போய் அங்கே தண்ணீருக்குள் கிடக்கும் பம்பைச் சுற்றும். தண்ணீர் தள்ளப்படுகிறது, உறிஞ்சப்படுவதில்லை. மின்சாரத்தில் ஓடும் மூழ்கு பம்பும் இதே வேலையைச் செய்யும். ஜெனரேட்டரைக் குழிவாயிலிருந்து தள்ளி, காற்று அந்தப் பக்கம் வீசாத இடத்தில் வைத்து, மின் கசிந்தால் உடனே அறுக்கும் ட்ரிப் ஸ்விட்ச்சும் போட்டுவிட வேண்டும். பெரியவர் விலை கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். வழி உண்டு, ஆனால் அந்த வழியின் செலவு குழிக்குள் இறங்குகிறவனின் கையில் இல்லை. பங்கு வாங்குகிறவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள்தான் போட வேண்டும்.

பம்பு செய்கிறவர்களிடமும் இறக்குமதி செய்கிறவர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. "இருபத்தைந்து அடிக்குக் கீழே இழுக்காது, எஞ்சினைக் குழிக்குள் இறக்காதே" என்று தமிழிலும் சிங்களத்திலும் பம்பின் உடம்பிலேயே, வார்ப்பில் பதித்துக் கொடுங்கள். ஒட்டுத்தாள் முதல் மழையிலேயே போய்விடும். குழிக்கு அனுமதி கொடுப்பது தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை. பம்பு எங்கே நிற்கப்போகிறது என்பதையும் அனுமதிக்கு முன் அது கேட்கட்டும்.

சப்ரகமுவவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குழியிலோ கிணற்றிலோ ஒருவர் மயங்கிக் கிடந்தால் பின்னால் இறங்காதீர்கள். எஞ்சினை நிறுத்துங்கள், ஆட்களைக் கூப்பிடுங்கள், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு கிடையாது.