மாற்ற வேண்டியது வண்டியா, கியர்பாக்ஸா?

“அண்ணா, இதை வித்துட்டுப் பெருசா ஒண்ணு எடுத்துடலாம்னு இருக்கேனுங்க.”

கோவையில் ஐரோப்பிய வண்டிகளைப் பார்த்துப் பழகிய பட்டறைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். சொல்பவர் சின்ன வண்டியை அதன் பாய்ச்சலுக்காகவே ஆசைப்பட்டு வாங்கியவராக இருப்பார். இப்போது அதை நம்பி வெளியூர் கிளம்ப மனம் வரவில்லை. கை பழகிய மெக்கானிக் உடனே எந்த மாடல் நல்லது என்று யோசனை சொல்ல மாட்டார். “மொதல்ல எது போச்சுன்னு சொல்லுங்க தம்பி” என்பார். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே பெரிய வண்டிக்குப் போகிறவர், அதே கோளாறைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிவர வாய்ப்பு இருக்கிறது.

இந்தியாவில் சின்ன வேக வண்டியின் அளவைத் தீர்மானித்ததில் வரிக்கும் பங்கு உண்டு. 4 மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்கு மிகாத எஞ்சினும் இருந்தால் கலால் வரி குறைவு என்று 2006 பட்ஜெட்டில் விதி வந்தது. இந்த வரம்புக்குள் நின்றுகொண்டே வேகமும் வேண்டுமென்றால் டர்போவைத்தான் நாட வேண்டும். 2013இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ அப்படிப் பிறந்த வண்டி. 1,197 சிசி எஞ்சின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் இழுவை, அதோடு டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக். அறிமுக விலை 8 லட்சத்தைத் தொடவில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தைப் பத்து வினாடிக்குள் எட்டும் என்று நிறுவனம் சொன்னது. ஆட்டோமேட்டிக் என்றாலே மந்தம் என்று நம்பியிருந்த நாளில், கியர் மாறுவதே தெரியாமல் பாய்ந்த சின்ன வண்டி அது. அதை ஓட்டியவர்கள் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது. பெரிய வண்டிக்குப் போகிறவர் முதலில் இழப்பதும் அதைத்தான்.

அந்தப் பாய்ச்சலுக்குக் காரணமான டிஎஸ்ஜி கியர்பாக்ஸின் பெயர் டிக்யூ200. ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2008இல் கொண்டுவந்தது. உள்ளே இரண்டு கிளட்ச். 1, 3, 5, 7 கியர்கள் ஒன்றின் பொறுப்பு. 2, 4, 6, ரிவர்ஸ் மற்றதின் பொறுப்பு. வண்டி இரண்டாம் கியரில் ஓடும்போதே மூன்றாம் கியர் பல்லில் விழுந்து தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விடும் கணத்தில் மற்றது பிடிக்கும், அவ்வளவுதான் கியர் மாற்றம். இவை இரண்டும் உலர் கிளட்ச். எண்ணெயில் மூழ்கியிருக்காததால் இழுவை வீணாகாது, மைலேஜும் கூடும். ஆனால் உரசலில் பிறக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு போக எண்ணெயும் அங்கே இல்லை. அவிநாசி சாலையில் மாலை ஆறு மணிக்கு அடி அடியாக நகரும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்கவும் முடியாமல் முழுதாக விடவும் முடியாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். தேய்மானம் பெரும்பாலும் இந்த நகரலில்தான், நெடுஞ்சாலை வேகத்தில் அல்ல.

கிளட்சை இயக்கும் மூளையும் தசையும் சேர்ந்த பாகத்துக்கு மெக்கட்ரானிக் என்று பெயர். எலெக்ட்ரானிக்ஸ், ஆயில் பம்பு, அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டர் எல்லாம் ஒரே அலுமினியக் கூட்டுக்குள் அடக்கம். அக்யூமுலேட்டர் உட்காரும் இடத்தில் அந்தக் கூடு விரிசல் விடுவது உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த நோய். எண்ணெய் கசியும், பம்பு எவ்வளவு ஓடினாலும் அழுத்தம் ஏறாது, ஸ்கேனரில் பி17பிஎஃப் என்ற பிழைக் குறியீடு விழும், வண்டி நகராது.

2013 இந்த கியர்பாக்ஸுக்குச் சோதனையான ஆண்டு. சீனாவில் அரசுத் தொலைக்காட்சி இதைப் பற்றி நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதையடுத்து 3.84 லட்சம் வண்டிகளை நிறுவனம் அங்கே திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உலக அளவில் 16 லட்சம் வண்டிகளின் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றப்போவதாக அறிவித்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், நின்று நின்று போகும் போக்குவரத்தில், சிந்தெட்டிக் எண்ணெயால் கியர்பாக்ஸின் மின்னிணைப்பில் கோளாறு வரலாம், ஆகவே மினரல் எண்ணெய் ஊற்றுகிறோம் என்று விளக்கமும் தந்தது. வெப்பம், ஈரப்பதம், நின்று நின்று போவது என்ற மூன்றையும் படிக்கும்போது சென்னைவாசிக்கு வேறு ஊர் நினைவுக்கு வராது.

இனி பெரிய வண்டிக்கு வருவோம்.

டிக்யூ200 தாங்கும் இழுவைக்கு 250 நியூட்டன் மீட்டர் வரை என்று வரம்பு உண்டு. போலோவின் எஞ்சின் தருவது 175தான். கையில் மிச்சம் இருக்கிறது. அந்தப் போலோவை விற்றுவிட்டு அதே குழுமத்தின் பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக் வாங்குவது இந்த ஆசைக்காரர்கள் பலர் நினைத்துப் பார்க்கும் வழி. 180 குதிரைத்திறன், பெரிய டிக்கி, நெடுஞ்சாலையில் அசையாத நிதானம் எல்லாம் கிடைக்கும். ஆனால் அதிலும் டிக்யூ200தான். எஞ்சின் தரும் இழுவை சரியாக 250. போலோவில் மிச்சம் வைத்து வேலை செய்த அதே கியர்பாக்ஸ், இங்கே கனமான உடலை இழுத்துக்கொண்டு வரம்பின் விளிம்பில் நிற்கிறது.

சந்தேகம் உள்ளவர்கள் 2016இல் இங்கே வந்த ஸ்கோடா சூப்பர்பைப் பார்க்கலாம். அதே 1.8 எஞ்சின், கையால் மாற்றும் கியரோடு வந்தபோது 320 நியூட்டன் மீட்டர் தந்தது. டிஎஸ்ஜி போட்டபோது 250க்கு இறக்கிவிட்டார்கள். ஒரே எஞ்சினில் 70 நியூட்டன் மீட்டரை அடக்கி வைத்தது அந்த கியர்பாக்ஸின் வரம்புதான். வண்டியை வடிவமைத்தவர்களே மதித்த அந்த எண்ணை, பழைய வண்டி வாங்குகிறவர் மதிக்காமல் இருக்கலாமா?

ஈரக் கிளட்ச் வேறு ரகம். 2003இல் கோல்ஃப் ஆர்32இல் அறிமுகமான டிக்யூ250, ஆறு கியர் பெட்டி. கிளட்ச் தகடுகள் எண்ணெயில் ஓடும், சூட்டை அந்த எண்ணெய் எடுத்துப் போகும். 2017இல் இங்கே விற்ற ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் 230 குதிரைத்திறனும் 350 நியூட்டன் மீட்டரும் இருந்தன. அதைத் தாங்கியது இந்தப் பெட்டிதான். 2020இல் வந்த 2 லிட்டர் சூப்பர்பிலும் 2021 ஆக்டேவியாவிலும் இருப்பது டிக்யூ381 என்ற ஏழு கியர் ஈரப் பெட்டி. காட்சிக்கு 1.8 ஆக்டேவியாவும் ஆர்எஸ்ஸும் அண்ணன் தம்பி. அடியில் ஜாக்கி வைத்துப் பார்த்தால் உறவே இல்லை. ஈரப் பெட்டிக்கு ஒரு கடமை உண்டு. டிக்யூ250 என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர் அந்த ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ரசீது இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

2020இல் பிஎஸ்6 விதி வந்தபோது போலோவே மாறிவிட்டது. 1 லிட்டர், மூன்று சிலிண்டர், 110 குதிரைத்திறன். டிஎஸ்ஜி போய், டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெயே வேலை செய்வதால் அடி அடியாக நகர்வது அதற்குச் சிரமம் இல்லை. 2022இல் ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ் வந்தபோதும் 1 லிட்டர் எஞ்சினுக்கு இந்த ஆட்டோமேட்டிக்தான். ஆனால் 1.5 லிட்டர், 150 குதிரைத்திறன் ஆட்டோமேட்டிக் வாங்கினால் மறுபடி உலர் கிளட்ச் டிஎஸ்ஜி, மறுபடி 250 நியூட்டன் மீட்டர். இடையில் அந்தப் பெட்டியைப் பலமுறை திருத்தியிருக்கிறார்கள், லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் நன்றாக ஓடும் வண்டிகள் ஏராளம். அதனால் 1.5ஐ வாங்கவே கூடாது என்று எந்த நேர்மையான மெக்கானிக்கும் சொல்ல மாட்டார். தினமும் நகர நெரிசலில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு 1 லிட்டர் ஆட்டோமேட்டிக்கும், வாரம் தவறாமல் சேலம், பெங்களூரு என்று போய்வருகிறவருக்கு 1.5 டிஎஸ்ஜியும் பொருந்தும் என்பார். 1.5ஐ நீட்டிக்கப்பட்ட வாரண்டி இல்லாமல் வைத்திருக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

பழைய டிஎஸ்ஜி வண்டியைப் பார்க்கப் போகிற மெக்கானிக் முதலில் பானெட்டில் கை வைப்பார். சூடாக இருந்தால் நாளை காலை வருகிறேன் என்று திரும்பிவிடுவார். குளிர்ந்த வண்டியில்தான் குணம் தெரியும். ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து ஆருக்கும் டி-க்கும் மாற்றுவார். கியர் பிடிப்பதில் தாமதம் உண்டா, இடி விழுவதுபோல் உதறுகிறதா என்று உடம்பால் கேட்பார். பிறகு தட்டையான சாலையில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் விட்டு நகரவிடுவார். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் இடத்தில் ஸ்டீயரிங் வழியாக ஒரு நடுக்கம் கைக்கு வந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. கடைசியாக ஒரு மேட்டில் ரிவர்ஸ் ஏற்றுவார். கருகல் வாசனைக்கு அதுதான் பரீட்சை. அதற்குப் பின்தான் ஸ்கேனர். பழைய பிழைக் குறியீடுகளை யாராவது அன்று காலை அழித்திருந்தால், ஓட்டிவிட்டு வந்தபின் சில மறுபடி தலைகாட்டும். இரண்டு கிளட்சின் வெப்பநிலையையும் ஓடும்போதே படிக்க முடியும். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒருமுறை பார்ப்பார்.

கிளட்ச் மாற்றியாகிவிட்டது என்று விற்பவர் சொன்னால் யார் மாற்றியது என்பது அடுத்த கேள்வி. இந்தக் கிளட்ச் பொருத்துவது சாதாரண வேலை இல்லை. டயல் கேஜ் வைத்து இரண்டு கிளட்சுக்கும் தனித்தனியாக இடைவெளி அளந்து, அதற்கேற்ற தடிமனில் ஷிம் தேர்ந்தெடுக்க வேண்டும். அளவு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கில் பிசகினாலும் புது கிளட்ச் பழையதைப் போலவே உதறும். மாட்டி முடித்ததும் கம்ப்யூட்டரில் கிளட்சுக்குப் புதிதாக அளவு கற்றுக்கொடுக்க வேண்டும். இந்த அளவெடுப்பில் பொறுமை காட்டுகிற பட்டறை எது என்று ஊரில் விசாரித்தால் தெரிந்துவிடும்.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். போலோவுக்கு 15 அங்குல டயர், ஆக்டேவியாவுக்கு 16. ஆர்எஸ் என்றால் அதற்கும் மேல். 1.8, 2.0 எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசிவது தெரிந்த விஷயம், அதையும் பார்க்க வேண்டும். புது வண்டி என்றால் சாலை வரியும் இருக்கிறது. 2023 நவம்பரில் தமிழ்நாடு உயர்த்திய விகிதப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம் கட்டுகிறவர், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம் கட்டுகிறார்.

கோவைக்காரர்களுக்கு இன்னொரு வழியும் ஒரு காலத்தில் இருந்தது. இதே ஊரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாட்டா மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து 2018இல் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்று இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்தது. 114 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஐந்து கியர், டியாகோவின் விலை ஆறரை லட்சத்துக்குள். கூட்டு முயற்சி 2020இல் முடிவுக்கு வந்தது. சின்ன வண்டியின் வேகமும் எளிமையான கியர்பாக்ஸும் ஒரே இடத்தில் கூடிவந்த அந்த முயற்சி நீண்டிருக்க வேண்டும். வேகம் வேண்டும், நம்பிக்கையும் வேண்டும் என்கிறவருக்குக் கைக் கியர் இன்றும் நல்ல விடைதான். கிளட்ச் தேய்ந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் வேலை முடியும்.

ஆகவே வண்டி மாற்ற நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்ய வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகள் பலவற்றில் டிக்கியில் ஸ்பேர் வீல் இருக்கும் பள்ளத்திலோ சர்வீஸ் புத்தகத்திலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எஞ்சின் குறியீட்டுக்குப் பக்கத்தில் கியர்பாக்ஸின் மூன்றெழுத்துக் குறியீடும் அதில் இருக்கும். அதைப் படம் எடுத்து உங்கள் மெக்கானிக்குக்கு அனுப்புங்கள். உலர் கிளட்சா ஈரக் கிளட்சா என்று அவர் சொல்லட்டும். ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால் சேஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். பழைய வண்டியில் உங்களை வாட்டிய பெட்டியே புதியதிலும் இருக்கிறது என்று தெரிந்தால், அந்த வண்டியை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.