பத்துக் கேள்விகள்



இதை என் தம்பியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். "யாருக்காவது உதவும்னா எழுதுக்கா" என்று அவனே சொன்னான்.

அவன் குடிப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 15 வருடமாகத் திட்டினோம், அழுதோம், கோயிலில் கயிறு கட்டினோம். போன மாசியில் அவனை என் வீட்டுக்கு அழைத்து வந்து, இருந்த பாட்டிலைக் கொட்டிவிட்டு, ஒன்றரை நாள் வெளியே விடவில்லை. பிறகு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன்.

என் மாணவிகள் வயதில் ஒரு டாக்டரம்மா. "கடைசியா எப்போ குடிச்சீங்க?" என்று அவனைக் கேட்டார். நான் பதில் சொன்னேன். "ஒரு நாளைக்கு எவ்வளவு?" அதற்கும் நானே. "அம்மா, நீங்க டீச்சரா?" என்று சிரித்தார்.

தம்பியைக் கையை நீட்டச் சொன்னார். விரல்கள் நடுங்கின. உடம்பெல்லாம் வியர்வை. "நான்தான் நிறுத்த வெச்சேன்" என்றேன் பெருமையாக. அவர் முகம் மாறியது. "பல வருஷம் தினமும் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், புத்தி குழம்பலாம். உயிருக்கே ஆபத்தும்மா. மருந்து கொடுத்து, பக்கத்துல இருந்து பார்த்துத்தான் நிறுத்தணும்" என்றார். எனக்குக் கைகால் ஓடவில்லை. நல்லது செய்வதாக நினைத்து அவனைக் கொன்றிருப்பேனே!

நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார்கள். உடனே வார்டில் சேர்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, நடுக்கம் குறைந்த பிறகு, என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார்கள். தூக்கம், வேலை, கடன், வேறு போதைப் பழக்கம், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என எல்லாம் கேட்டார்களாம். உலக சுகாதார நிறுவனம் தயாரித்த 'ஆடிட்' என்ற வினாத்தாளும் உண்டு. 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 4, மொத்தம் 40. 8 வந்தாலே கவனிக்க வேண்டும். 20-ஐத் தொட்டால் அடிமையாகியிருக்கலாம், ஆழமாக ஆராய வேண்டும். தம்பிக்கு 27. மதிப்பெண் கூடியதற்கு இந்த டீச்சர் அழுதது அன்றுதான்.

அன்று சாயங்காலம் அவன் சொன்னான்: "குடிச்ச பிறகு மனசு உறுத்தியிருக்கான்னு கேட்டாங்கக்கா. தினமும் உறுத்தும்னு சொன்னேன். இதை இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதே இல்லை."

34 வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டவள் நான். சொந்தத் தம்பியிடம் "ஏன்டா குடிக்கிறே?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அதுவும் கேள்வியில்லை, வசவு. அந்த டாக்டரம்மா ஒருமுறைகூட 'குடிகாரன்' என்று சொல்லவில்லை. எவ்வளவு, எப்போது, என்ன ஆனது என்றுதான் கேட்டார். அவனும் உண்மையைச் சொன்னான்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. நடுவில் ஒருமுறை சறுக்கினான். மறுநாளே அவனாகவே மருத்துவமனைக்குப் போனான்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் கதவைப் பூட்டாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். அங்கே அவர் பதில் சொல்லும்போது நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். உங்கள் டீச்சர் தாமதமாகக் கற்ற பாடம் இது.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்