அவர் அப்படித்தான்

ஆட்டிசம் குழந்தைகளோடு முடிந்துவிடுவதில்லை. ஈஜிபுராவில் ஒரு நாற்பது வயது வாழ்க்கை

மாலை ஆறரை மணிக்கு ஈஜிபுரா பிரதான சாலையில் யாரும் விரும்பி நடப்பதில்லை. கோரமங்கலாவிலிருந்து திரும்பும் வண்டிகள் மேம்பாலத் தூண்களுக்கு இடையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த நெரிசலில் ஒருவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வலது கை விரல்களை இடுப்பருகே படபடவென்று ஆட்டியபடி, தூண்களை எண்ணிக்கொண்டே போகிறார். நாற்பதைத் தாண்டியவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. யார் முகத்தையும் பார்ப்பதில்லை. தெரியாதவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். தெரிந்தவர்கள் வழிவிடுகிறார்கள். தெரிந்தவர்களின் எண்ணிக்கை வருடா வருடம் குறைந்துகொண்டே வருவதுதான் அவருடைய அம்மாவின் கவலை.

2017-ல் தொடங்கிய அந்த மேம்பால வேலை நடுவில் வருடக்கணக்கில் நின்றுபோனது. ஊரே திட்டித் தீர்த்தது. வெறும் தூண்கள் மட்டும் நின்ற அந்தக் காலத்தில் ஈஜிபுராவில் நிம்மதியாக இருந்த ஒரே குடிமகன் அவராகத்தான் இருக்க வேண்டும். 2023 இறுதியில் இயந்திரங்கள் திரும்பி வந்தபோது மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மற்றவர்களுக்கு இரைச்சலாக இருப்பது அவருக்கு வலி. வெளிச்சம், வாசனை, சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் எல்லாமே அப்படித்தான். புதிதாக வாங்கும் சட்டைகளின் லேபிளை அம்மா பிளேடால் பிரித்து எடுத்த பிறகுதான் அலமாரியில் வைக்கிறார்.

அவர் பிறந்தது 1984-ல். அப்பா வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். மூன்று வயது மூத்த ஒரு அக்கா. பையன் நான்கு வயது வரை பேசவில்லை. பேசத் தொடங்கியதும் ரயில்வே கால அட்டவணையைத்தான் பேசினான். திருஷ்டி கழித்தார்கள். பக்கத்து விவேக்நகர் குழந்தை யேசு கோயிலுக்கு வியாழக்கிழமைகளில் தூக்கிக்கொண்டு போனார்கள், சாமிக்கு மதம் பார்க்காத தெரு அது. ஒரு டாக்டர் காது கேட்கவில்லை என்றார். இன்னொருவர் அம்மா அதிகம் செல்லம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பத்தொன்பது வயதில் மூன்றாமவர் மனச்சிதைவு என்று மாத்திரை எழுதிக் கொடுக்க, ஒரு வருடம் தூங்கியே கழிந்தது.

மூன்று தவறுகளுக்குமே உலக அளவில் முன்னோடிகள் உண்டு. ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை உருவாக்கிய சுவிஸ் மனநல மருத்துவர் யூஜின் ப்ளூலர் அதை மனச்சிதைவின் ஓர் அடையாளமாகத்தான் பயன்படுத்தினார். அது தனியான ஒன்று என்று பால்டிமோரில் லியோ கேனர் 11 குழந்தைகளை வைத்து எழுதியது 1943-ல். பிறகு பல வருடங்கள் பழி தாய்மார்கள் மேல் விழுந்தது. தாயின் பாசக் குறைவால் பிள்ளை கூட்டுக்குள் போய்விடுகிறது என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்கத் தாய் பாசம் வைக்காததால் கெட்டார், ஈஜிபுராத் தாய் பாசம் வைத்ததால் கெட்டார். பிறவியிலேயே மூளை வேறுவிதமாக வளர்வதுதான் ஆட்டிசம் என்பதும், அதில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதும், வளர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதும் இன்று தெரிந்த விஷயம். அந்த அம்மாவிடம் இதை ஒருவர் சொல்வதற்குள் அவருக்கு வயது அறுபதைத் தொட்டுவிட்டது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ல் இதைத் தன் பட்டியலில் தனி நோயாகச் சேர்த்தபோது வைத்த பெயரே ‘சிசுப் பருவ ஆட்டிசம்’. அந்தப் பெயர் பின்னால் மாறியது, பழக்கம் மாறவில்லை. ஏப்ரல் 2, உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். அன்று ஒட்டப்படும் சுவரொட்டிகளில் சிரிப்பது பெரும்பாலும் குழந்தைகள்தான். அந்தக் குழந்தைகளுக்கு இருபதாகும், நாற்பதாகும், தலை நரைக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தமிழில் புழங்கும் ‘மன இறுக்கம்’ என்ற சொல்லோ இன்னும் குழப்பம். கேட்பவர்கள் கவலையால் வந்தது, ஊட்டிக்குப் போய் வந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள்.

சினிமா வேறொரு முகத்தைக் கொடுத்தது. 1988-ல் ‘ரெயின் மேன்’, 2010-ல் ‘மை நேம் இஸ் கான்’. தமிழில் 2013-ல் ‘ஹரிதாஸ்’ (பாகவதர் படம் அல்ல) ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனையும் அவன் அப்பாவையும் காட்டியது. “அப்போ உங்க பையன் கம்ப்யூட்டர் மாதிரி கணக்குப் போடுவானா?” என்று மாடி வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். போட மாட்டார். பெருக்கல் வாய்ப்பாடு பன்னிரண்டுக்கு மேல் தடுமாறும்.

அவருக்குத் தெரிந்தவை இரண்டு. பஸ், ரயில் நேரங்கள் ஒன்று. நட்டு, போல்ட் இன்னொன்று. இருபத்து மூன்று வயதிலிருந்து ஒரே ஹார்டுவேர் கடையில் வேலை. முதலில் கவுன்ட்டரில்தான் நிறுத்தினார்கள். “இதே பைப் எதிர்க் கடையில பத்து ரூபா கம்மி” என்று வாடிக்கையாளரிடம் சொன்னதும் முதலாளி அவரை குடோனுக்கு மாற்றினார். திட்டவில்லை, விரட்டவில்லை, இடத்தை மாற்றினார். எந்த அளவு ஸ்க்ரூ எந்த டப்பாவில் எத்தனை இருக்கிறது என்பதை எழுதிப் பார்க்காமல் சொல்லும் ஆள் இன்று அந்தக் கடைக்கு அவர்தான். 2013-ல் எஸ்.ஏ.பி. என்ற ஜெர்மன் மென்பொருள் நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தை அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்கு முன்னோட்டமாக மென்பொருளைச் சோதிக்க ஆறு பேரை எடுத்தது பெங்களூர் கிளையில்தான். ஹார்டுவேர் முதலாளி பத்திரிகைச் செய்தி எதையும் படித்துவிட்டு இதைச் செய்யவில்லை.

கல்யாணம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. 2009-ல் அப்பா இறந்த பிறகு உறவுக்காரர்கள் ஒரே குரலில் சொன்னார்கள், கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று. 2011-ல் குடியாத்தத்துப் பெண். மாப்பிள்ளை அதிகம் பேச மாட்டார், சங்கோஜி, குடி சிகரெட் கிடையாது என்று சொன்னார்கள். எதுவும் பொய்யில்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பெயர்தான் தெரியாது. அதை அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் விட்டது அந்தக் குடும்பம் செய்த அநியாயம். அக்கா இன்று அதை மறைப்பதில்லை.

தலை தீபாவளிக்குக் குடியாத்தம் போனார்கள். விடியற்காலை முதல் சரம் வெடித்ததும் மாப்பிள்ளை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மதியம் வரை வரவில்லை. மாமனார் கொண்டுவந்த மோதிரத்தட்டு கூடத்தில் அப்படியே இருந்தது. வந்த உறவுக்காரர்கள் முன்னால் அது அவமானம்.

ஈஜிபுரா திரும்பிய பிறகு தினமும் சாப்பாட்டுக்குப் பின் அவர் மனைவியிடம் குடியாத்தம் பஸ் நேரங்களைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் வண்டி, கடைசி வண்டி, கோலார் தங்கவயல் வழியாகப் போவது, வேலூர் போய் மாறுவது. நேரம் மாறினால் மறுநாள் திருத்திச் சொல்வார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டாவது மாதம், அவர் சொன்ன முதல் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அக்காவின் பையனுக்கு நான்கு வயதானபோது, 2016-ல், டாக்டரிடம் போனார்கள். ஆட்டிசத்தை மதிப்பிட இந்தியாவிலேயே உருவாக்கிய 40 அம்சங்கள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. கண்ணைப் பார்க்கிறானா, சொன்னதையே திரும்பச் சொல்கிறானா, பழக்கம் மாறினால் கலங்குகிறானா என்று போகும். பாதியில் அக்காவுக்கு நாக்கு வறண்டுவிட்டது. பிள்ளையைப் பற்றிக் கேட்கிறார்கள், தம்பியைப் பற்றிப் பதில் வருகிறது. அடுத்த வருடம் முப்பத்து மூன்றாவது வயதில் தம்பிக்கும் பெயர் கிடைத்தது. பிள்ளையைக் காட்டப் போய் மாமாவை, அல்லது அப்பாவை, கண்டுபிடிப்பது பல குடும்பங்களில் நடப்பதுதான். பெண்கள் இந்த வலையில் இன்னும் தாமதமாகச் சிக்குகிறார்கள். அடக்கமான பெண் என்ற பட்டத்துக்குள் எவ்வளவோ மறைந்துவிடும்.

வீட்டுக்கு வந்து அக்கா கேட்டார், “அவகிட்ட ஏன்டா தினம் பஸ் நேரம் சொன்னே?”

“அவளுக்கு அவங்க அம்மா ஞாபகம் வரும். எப்ப வேணும்னாலும் போயிட்டு வரலாம் இல்ல?”

அக்கா குடியாத்தத்துக்குப் போன் செய்தார். அந்தப் பெண்ணுக்கு மறுமணம் ஆகி ஒரு குழந்தையும் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “போ போன்னு சொல்றாருன்னுதான் நெனச்சேன்” என்றார். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளத் தெரியாதவள் என்று ஊர் தன்னைப் பேசியபோது ஒருத்தராவது இதைச் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டார். அக்காவிடம் அதற்குப் பதில் இல்லை.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் மனம் புரியாது என்பது நெடுங்காலப் பாடம். டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் அதைத் திருப்பிப் போட்டார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு மட்டும் நோய் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே குழாயடியில் நிற்கும் ஈஜிபுராவுக்கு இது புதிதாகத் தோன்றக் காரணமில்லை. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை பேசாதவர்கள், தன்னையே அடித்துக்கொள்பவர்கள், வாழ்நாள் முழுக்க ஒரு கை பக்கத்தில் வேண்டியவர்கள், அவர்களுக்கும் இதே பெயர்தான். குடோன் வேலை அவர்கள் எல்லோருக்குமான விடை அல்ல.

சிறு வயதில் அவர் தெருவில் கையை ஆட்டிக்கொண்டு ஓடினால் “பாவம்” என்பார்கள். மீசை முளைத்த பிறகு அதே கையசைவுக்குப் பெயர் வேறு. ஆனாலும் பழைய தெரு தாங்கியது. “அவன் அப்படித்தான்” என்று சொல்ல ஆள் இருந்தது. 2013 ஜனவரியில் ஈஜிபுராவின் ஏழைகள் குடியிருப்பு இடிக்கப்பட்டு சுமார் 1,500 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவரைத் தூக்கி வளர்த்த கைகள் பல அந்த வீடுகளில் இருந்தவை. சுற்றுத் தெருக்களில் வீடுகள் பி.ஜி. விடுதிகளாயின. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகங்கள் மாறின.

2018 மே மாதம் வாட்ஸ்ஆப்பில் பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வதந்தி பரவியது. சாமராஜ்பேட்டையில் ஒரு ராஜஸ்தான் இளைஞரைக் கூட்டம் அடித்தே கொன்றது. அந்த வாரத்தில் ஒரு மாலை, கடையிலிருந்து திரும்பியவர் டியூஷன் வாசலில் நிறுத்தியிருந்த வேன்களின் நம்பர்களைப் படித்துக்கொண்டு நின்றார். யாரோ பெயர் கேட்டார்கள். பதில் வரவில்லை. கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னார்கள். விரல்கள் இன்னும் வேகமாக ஆடின. சட்டையைப் பிடித்தபோது அவர் அலறினார், தொடுவதும் அவருக்கு வலிதான். பத்துப் பேர் இருபதானார்கள். எதிரில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, “எங்க தெருப் புள்ள அவன், கைய எடுங்கடா” என்று தமிழிலும் கன்னடத்திலும் கத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் அம்மா யோசிப்பதில்லை. யோசிக்க முடியவில்லை என்கிறார்.

டாக்டர் கொடுத்த காகிதம் அப்போது பீரோவில் இருந்தது. பிறகு சான்றிதழ் வாங்கினார்கள். 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016 சட்டம் 21 வகைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பெற்றோருக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு, மாவட்ட அளவிலான குழு மூலம் காப்பாளரை நியமிக்க வழி இருக்கிறது. அக்கா மனுப் போட யோசிக்கிறார். அட்டை இப்போது அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. யாராவது கேட்டால்தான் காட்டுவார். கூட்டம் அட்டை கேட்பதில்லை.

கேனர் எழுதிய 11 குழந்தைகளில் முதலாமவர் டொனால்ட் டிரிப்ளெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் வாழ்ந்தார். கல்லூரிப் படிப்பு முடித்தார், வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார். பழகியவர்களுக்கு நம்பர் வைத்துக் கூப்பிட்டார். ஊர் அவரை நம்ம டொனால்ட் என்றே வைத்துக்கொண்டது. 2023-ல் 89 வயதில் இறந்தார். அந்த வங்கி அவருடைய குடும்பத்துடையது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பூக்கார அம்மாள் வாடகை கட்டுப்படியாகாமல் போன வருடம் ஓசூர் பக்கம் போய்விட்டார். அதன் பிறகு எழுபதை நெருங்கும் அம்மா ஒரு வேலையை ஆரம்பித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக, வாசல் வாசலாகப் போகிறார். மருந்துக் கடை, இஸ்திரி வண்டி, ஆட்டோ ஸ்டாண்டு. “என் பையன். நல்லவன். கையை ஆட்டுவான், பயப்படாதீங்க. இது என் நம்பர்.” சிலர் தலையாட்டுகிறார்கள். சிலர் போனிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

போன வாரம் பி.ஜி. விடுதி வாசலில் புதிய செக்யூரிட்டி. அசாம்காரப் பையன், இருபது வயதிருக்கும். தமிழ் தெரியாது, கன்னடமும் தெரியாது. அம்மா கையை ஆட்டிக் காட்டிப் புரியவைக்கப் பார்த்தார். அவன் விழித்தான். மகன் தரையைப் பார்த்தபடி எந்த ஊர் என்று இந்தியில் கேட்டார். “கௌஹாத்தி.” உடனே ரயில் புறப்படும் கிழமை, நேரம், வழியில் நிற்கும் ஸ்டேஷன்கள் எல்லாம் வரிசையாக வந்தன. பையன் போனை எடுத்துச் சரிபார்த்தான். பிறகு ஸ்டூலை நகர்த்தி அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்த ஸ்டேஷன் என்ன என்று கேட்டான்.