நிக்கிற கீரியும் பொந்துக்குள்ள இருக்கிற கீரியும்

போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு ட்ரெயினிங். ஆணி புடுங்குற வேலையெல்லாம் ஓரங்கட்டிட்டு, ஒரு நாள் முழுக்க ஏசி ரூம்ல உக்கார வச்சு 'டீம் வொர்க்' பத்திப் பாடம். மத்தியான சாப்பாடு நல்லா இருந்துச்சு, அதனால குறை சொல்ல மாட்டேன் :-) தூக்கம் சொக்குற நேரத்துல திரையில ஒரு படம். செம்மண் மேட்டுல பின்னங்காலை ஊனி, முன்னங்கை ரெண்டையும் வயித்து மேல வச்சுக்கிட்டு, விறைப்பா நின்னு தூரத்தைப் பார்க்கிற ஒரு மீர்கேட். "கூட்டம் சாப்பிடணும்னு தான் பட்டினி கிடந்து, உயிரைப் பணயம் வச்சு காவல் நிக்குது பாருங்க. இதுதான் தியாகம்" என்றார் பாடம் எடுத்தவர்.

எனக்குத் தூக்கம் போயிடுச்சு. மீர்கேட் விஷயத்துல நான் கொஞ்சம் கிறுக்கு. அங்கேயே கையைத் தூக்கியிருப்பேன், அப்ரைசல் நேரமாச்சேன்னு விட்டுட்டேன். அதான் இங்க வந்து கொட்டுறேன்.

மீர்கேட் யாருன்னு தெரியாதவங்களுக்கு: 1994ல வந்த 'லயன் கிங்' படத்துல டிமோன்னு ஒரு வாயாடி வருமே, அதேதான். கீரி வகையறா. நம்ம ஊரு வேலியோரம் ஓடுற கீரி பெரும்பாலும் தனியாத்தான் திரியும். இது பத்து, இருபது பேரா சேர்ந்து வாழுற கூட்டுக்குடும்பம், சில கூட்டம் நாப்பதைக்கூடத் தாண்டும். முக்கால் கிலோ தேறினாலே நல்ல ஆளு. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியான்னு கலஹாரி பக்கத்து வறண்ட பூமிதான் வீடு. பகல் முழுக்க மண்ணைத் தோண்டி வண்டு, புழு, தேள்னு தின்னும். தலை மண்ணுக்குள்ள இருக்கும்போது கழுகு வந்தா தெரியாது. அதனாலதான் ஒருத்தர் மேட்டுல ஏறி நிக்கிறது. நிக்கிறவர் 'எல்லாம் சரியா இருக்கு'ங்கிற மாதிரி மெல்லிசா முனகிக்கிட்டே இருப்பார், மத்தவங்க நிம்மதியாத் தோண்டுவாங்க.

இப்ப தியாகத்துக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து டிம் கிளட்டன்-பிராக் என்பவர் 1993ல் தென்னாப்பிரிக்காவின் வடக்கே, குருமான் ஆத்தங்கரையில ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சார். ஆறுன்னு பேருதான், பெரும்பாலும் வெறும் மணல், எங்க ஊரு வைப்பாறு மாதிரி. அங்க ஒவ்வொரு மீர்கேட்டையும் தனித்தனியா அடையாளம் தெரியும். மனுஷன் பக்கத்துல நின்னாலும் கண்டுக்காத அளவுக்குப் பழக்கி வச்சிருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம் அவங்க எடை போடுற விதம்தான். எலக்ட்ரானிக் தராசைக் கொண்டுபோய் பொந்து வாசல்ல வச்சு, அவிச்ச முட்டைத் துணுக்கையோ ரெண்டு சொட்டுத் தண்ணியையோ காட்டினா அதுவா வந்து ஏறி நின்னுக்கும். காலையில கிளம்பும் முன்னாடி ஒரு எடை, சாயங்காலம் திரும்பினதும் ஒரு எடை. யார் எவ்வளவு தின்னாங்க, யார் இளைச்சாங்கன்னு வருஷக்கணக்கா லாக் ஃபைல் மாதிரி இருக்கு. பொட்டி தட்டுறவனுக்கு இதைவிட வேறென்ன வேணும்?

அந்த லாக் என்ன சொல்லுது? காவலுக்கு ஏறுறது வயிறு நிறைஞ்சவர்! சிலருக்கு மட்டும் கூடுதலா முட்டை கொடுத்துப் பார்த்தாங்க, அவங்கதான் அதிகமா காவல் நின்னாங்க. தனியா திரியிற மீர்கேட் கூட நடுநடுவுல இப்படி நின்னு பார்க்கும், அங்க எந்தக் கூட்டத்துக்குத் தியாகம்? ஆபத்தை முதல்ல பார்க்கிறவரும் அவர், பொந்துக்குள்ள முதல்ல பாயுறவங்கள்ல ஒருத்தரும் அவர். ரெண்டாயிரம் மணி நேரத்துக்கு மேல கவனிச்சதுல, காவல் நின்னதுல ஒன்னைக்கூட எந்த மிருகமும் அடிச்சதில்லைன்னு 1999ல எழுதினாங்க. வயிறு ரொம்பியாச்சு, வேற யாரும் மேல இல்லை, நாம ஏறிக்குவோம், அவ்வளவுதான் கணக்கு. அதனால மத்தவங்களுக்கும் நன்மை, மறுக்கல. பட்டினி கிடந்துங்கிறதுதான் பொய்.

பட்டினி கிடக்கிற ஆள் வேற. அவர் போட்டோல வர மாட்டார்.

குட்டிங்க பிறந்து முதல் மூணு வாரம் போல பொந்தை விட்டு வெளிய வராது. கூட்டம் காலையில மேயப் போயிடும். யாராவது ஒருத்தர், சில சமயம் ரெண்டு மூணு பேர், பொந்துலயே தங்கணும். பெரும்பாலும் அது குட்டியோட அம்மாவா இருக்காது, அக்காவோ அண்ணனோ மாமனோதான். கூட்டம் திரும்பி வர்ற வரைக்கும் சாப்பாடு கிடையாது. பாம்பு வரலாம், நரி வரலாம், பக்கத்துக் கூட்டத்து மீர்கேட்டே வந்து குட்டிகளைக் கொன்னுட்டுப் போகலாம். தராசு சொல்ற கணக்குப்படி, ஒரு நாள் அப்படித் தங்கினா உடம்பு எடையில நூத்துக்கு ஒரு பங்குக்கு மேல குறையுது. அதே நாள் மேயப் போனவருக்கு ஏறுது. மூணு வாரத்துல அதிக நாள் தங்கினவர் பத்துல ஒரு பங்கு எடையையே இழக்கலாம். 60 கிலோ ஆளுக்கு ஆறு கிலோன்னு வச்சுக்கோங்க.

இதை முதல் தடவை வாசிச்சப்போ எனக்கு எங்க அக்கா ஞாபகம். எனக்கும் அவளுக்கும் பதினோரு வயசு வித்தியாசம். அப்பா லாரி டிரைவர், வாரத்துக்கு ஒருக்கா வந்தா பெருசு. அம்மா விடிஞ்சதும் தீப்பெட்டி ஆபீஸ் போயிடுவாங்க. என்னைப் பார்த்துக்க ஆள் வேணும்னு அக்கா ஏழாவதோட நின்னா. தொட்டில் ஆட்டினது, சோறு ஊட்டினது, பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டது எல்லாம் அவதான். அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு பத்தாவதை பிரைவேட்டா எழுதி பாஸ் பண்ணினா. எங்க வீட்டு ஹால்ல நான் பட்டமளிப்பு அங்கி போட்டு விறைப்பா நிக்கிற போட்டோ மாட்டியிருக்கு. தெருவுல எல்லாரும் "கஷ்டப்பட்டுப் படிச்ச புள்ள"ம்பாங்க.

இந்த இடத்துல இன்னொரு கண்டுபிடிப்பையும் சொல்லிடறேன். ஒரு ஈட்டுக்கு ரொம்ப உழைச்சு இளைச்சவர் அடுத்த ஈட்டுக்குக் கொஞ்சம் ஒதுங்கிக்குவார், வேற ஆள் பார்த்துக்கட்டும்னு. யாரும் அவரைக் கடிச்சு விரட்டிப் பொந்துல உக்கார வைக்கிறதில்ல. போன வருஷம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். சொந்தக்காரங்க எல்லாரும் வழக்கம்போல அக்காவைப் பார்த்தாங்க. அக்கா எனக்குப் போன் போட்டு, "இந்தத் தடவ நீ வாடா, எனக்கு முடியல"ன்னா. கோவமெல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் சொன்னா. ரெண்டு வாரம் லீவு போட்டுட்டுப் போனேன். வேளாவேளைக்கு சொட்டு மருந்து, அதுக்கு நடுவுல சமையல். மூணாம் நாளே முதுகு விட்டுப் போச்சு.

இதுக்காக மீர்கேட்டை ரொம்ப நல்லவராக்கிடாதீங்க. கூட்டத்துல குட்டி போடுற உரிமை பெரும்பாலும் தலைவிக்குத்தான். இளைய பொம்பளைங்க சினையானா, தலைவி கடிச்சுக் குதறி விரட்டிடும். வெளிய தனியா அலைஞ்சு பாதிக்கு கருவே கலைஞ்சிடும். மீறிப் பெத்தா குட்டியைக் கொன்னுடறதும் உண்டு. இளையதும் லேசுப்பட்டதில்ல, தான் சினையா இருந்தா தலைவி குட்டியையே கொல்லும். 2005லேர்ந்து 2008 வரைக்கும் அனிமல் பிளானட்ல வந்த 'மீர்கேட் மேனர்' பார்த்தவங்களுக்கு ஃபிளவர்ங்கிற தலைவியைத் தெரிஞ்சிருக்கும். அதுவும் இதே குருமான் ஆத்தங்கரைக் கூட்டம்தான். பெத்த பொண்ணுங்களையே விரட்டின ஆள், 2007ல பாம்பு கடிச்சு செத்தப்போ உலகம் முழுக்க ரசிகருங்க அழுதாங்க. விரட்டப்பட்டது கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பி வரும். தன் குட்டியைப் பறிகொடுத்தது சில சமயம் தலைவி குட்டிக்குப் பால் கொடுக்கும். கூட்டத்துல மறுபடி சேர அது கொடுக்கிற வாடகைன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே வயித்தை என்னவோ பண்ணுது.

குட்டிங்க வெளிய வந்தப்புறமும் இந்த அக்கா, மாமன் கூட்டத்துக்கு வேலை முடியாது. கலஹாரி தேளு விஷம் உள்ளது. சின்னக் குட்டிக்குச் செத்த தேளைக் கொடுப்பாங்க. கொஞ்சம் வளர்ந்ததும் கொடுக்கை மட்டும் கடிச்செடுத்துட்டு உயிரோட. அப்புறம் முழுத் தேளு. 2006ல அலெக்ஸ் தார்ன்டன், கேத்தரின் மெக்காலிஃப்னு ரெண்டு பேர் இதைச் சோதிச்சாங்க. சின்னக் குட்டிங்க இருக்கிற கூட்டத்துல, பெரிய குட்டி சாப்பாடு கேட்டுக் கத்துற சத்தத்தை ஸ்பீக்கர்ல போட்டாங்க. உடனே பெரியவங்க உயிர்த்தேளைக் கொண்டு வர ஆரம்பிச்சுட்டாங்க! இன்புட் மாறுச்சு, அவுட்புட் மாறிடுச்சு. குட்டிக்கு எவ்வளவு தெரியும்னு பார்த்து முடிவெடுக்கல, குரலுக்குத் தகுந்த மாதிரி எடுத்துக் கொடுக்குறாங்க. ஆனா கொடுத்துட்டுப் போயிடறதில்ல. குட்டி தேளைப் பார்த்து முழிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருந்து, தேளு தப்பி ஓடினா பிடிச்சுட்டு வந்து மறுபடி அது முன்னாடியே போட்டுட்டு, மூக்கால ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அது கடிக்குதான்னு பார்த்துக்கிட்டு நிக்கும்.